கரையோரத்தில் பொலித்தீன் கூடாரம் போட முன் தெரிந்திருக்க வேண்டியவை

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வீட்டு வளவுக்குள் பொலித்தீன் கூடாரம் போட்டு மரக்கறி செய்ய யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிற எழுவான்கரை ஊர்க்காரருக்கு. நான் தொடங்கிய நேரம் தேடித் தேடி வாசித்ததெல்லாம் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் கூடாரங்களைப் பற்றித்தான். மிச்சம், ஐரோப்பாக்காரர் பனியிலிருந்து செடியைக் காப்பாற்றுகிற விளக்கம். கோடையில் மேற்கிலிருந்து வீசுகிற எங்கள் கச்சான் காற்றுக்கும் உப்புக் கிணற்றுக்கும் கார்த்திகை மழைக்கும் கூடாரம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஏழு இலட்சம் ரூபாய் இறங்கிய பிறகுதான் என் கூடாரம் ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கியது. அதில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல், முதலிலேயே விஷயம் தெரிந்திருந்தால் செலவாகியே இருக்காத காசு. இன்னொருவருடைய காசு அப்படிப் போகக் கூடாது.

என் வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். மணல் தரை வளவு. கணவர் கத்தாரில் வேலை, பிள்ளைகள் படிக்கிறார்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதும், அடுத்த வருடம் சாமான் விலை ஏறியதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் வளவில் நின்ற தக்காளியும் கொச்சிக்காயும்தான் எங்கள் அடுப்படியைத் தாங்கின. ஆனால் திறந்த வெளியில் வெள்ளை ஈ வந்து தக்காளிக்கு இலைச்சுருள் வைரசைக் கொண்டுவந்து விட்டால் அந்தப் போகம் முடிந்த மாதிரித்தான். பூச்சி வலை அடித்த கூடாரத்துக்குள் செய்தால் மருந்துத் தேவை குறையும், மாரியிலும் காய் பறிக்கலாம், வீட்டுக்குப் போக மிச்சத்தைக் கடைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த யோசனை சரியானதுதான், இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன். 2023 தொடக்கத்தில் காப்பு இரண்டை அடகு வைத்து, கணவர் அனுப்பியதையும் சேர்த்து, 20 அடிக்கு 30 அடிக் கூடாரம் ஒன்றுக்கு 415,000 ரூபாய் கொடுத்தேன்.

கட்ட வந்தவர்கள் மலைநாட்டில் நிறையக் கூடாரம் போட்டவர்கள். கை வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். அமைப்புத்தான் எங்கள் ஊருக்குரியது இல்லை. பக்க உயரம் 7 அடி, நடு முகடு 10 அடி. பக்கங்களில் கீழே 4 அடிக்குப் பொலித்தீன், அதற்கு மேல் 3 அடிக்கு 50 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு 50 துளை உள்ள பூச்சி வலை. முகட்டில் காற்று வெளியேற எந்த வழியும் இல்லை. நுவரெலியாவில் இரவு 10, 12 பாகைக்கு இறங்கும்; அங்கே பகல் சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும், ஆகவே இந்த அமைப்பு அங்கே பொருந்தும். எங்கள் பக்கம் கோடையில் இரவிலும் 25 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. நான் கேட்கவும் செய்தேன், உள்ளே சூடு கூடாதா என்று. “வலை இருக்குத்தானே அக்கா, காத்து வரும்” என்றார்கள்.

காற்று வருவது மட்டும் போதாது, போகவும் வேண்டும். சூடான காற்று இலேசு, அது மேலே ஏறும். மேலே வழி இருந்தால் அது வெளியேறும்போது கீழ் வலையால் புதுக் காற்றை இழுக்கும். வழி இல்லாவிட்டால் முகட்டில் தேங்கி, நேரம் போகப் போகச் செடியின் தலை வரைக்கும் இறங்கி வரும். 7 அடிக் கூடாரத்தில் அது இறங்கி வர அதிக நேரம் தேவைப்படாது. அடுத்தது வலை. 50 மெஷ் வலையில் துளைகளின் மொத்தப் பரப்பு பாதிக்கும் குறைவு, நூல்தான் கூட. ஆகவே 3 அடி வலை என்பது உண்மையில் ஒன்றரை அடிக்கும் குறைந்த திறப்பு. தெருப் புழுதியும் உப்புக்காற்றும் படிந்தால் அதுவும் அடைபடும். வெள்ளை ஈயைத் தடுக்க இந்த வலை வேண்டும், அதை விட முடியாது. வலை நுண்ணியதாக இருந்தால் அதன் பரப்பை இரண்டு மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும் என்பதைத்தான் காசு கொடுக்க முன் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச்சில் நட்டேன். 80 தக்காளி, கொஞ்சம் கறிமிளகாய், ஒரு வரிசை சலாட் வெள்ளரி. தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) நிரப்பிய பைகள், அல்பேர்ட் என்கிற பசளைக் கரைசல், சொட்டுநீர்க் குழாய் என்று இன்னொரு 60,000 போனது. ஏப்ரல் வரை செடிகள் பார்க்க ஆசையாக இருந்தன. மே நடுப்பகுதியில் காலையில் கதவைத் திறந்தால் பை ஓரமெல்லாம் மஞ்சள் பூக்கள். தக்காளிப் பூக்காம்பின் நடுவில் முழங்கை போல ஒரு கணு இருக்கும், கவனித்திருப்பீர்கள். எல்லாப் பூவும் அந்தக் கணுவில்தான் கழன்று விழுந்திருந்தது. செடியில் நின்ற பூவையும் விரலால் தொட்டால் கையோடு வந்தது. பழுத்த கொஞ்சமும் சிவக்கவில்லை, மஞ்சளும் செம்மஞ்சளுமாக நின்றுவிட்டது. அந்தப் போகத்தில் 80 செடியிலும் சேர்த்து 12 கிலோகூடத் தேறவில்லை.

பசளைக் கடையில் இலையைக் காட்டினேன். நோய் என்று சொல்லி இரண்டு வகை மருந்து தந்தார்கள், 9,000 ரூபாய். அது நோயே இல்லை. சூட்டுக்குத் தக்காளியின் கீழ் இலைகள் மேல்நோக்கிச் சுருளும், ஆனால் பச்சை மாறாது, தடித்துத் தோல் போல இருக்கும். வைரஸ் சுருள் நுனியில் தொடங்கும், புது இலை சிறுத்து ஓரம் மஞ்சளாகும், செடி குறுகி நிற்கும். இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அந்த மருந்துக்குக் காசு கொடுத்திருக்க மாட்டேன். கடைக்குப் போக முன் உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த மாதங்களில் எனக்கு நித்திரையே ஒழுங்காக வரவில்லை. கணவர் தொலைபேசியில் கேட்டால் “நல்லா வருது” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். ரோட்டோரம் தெரிகிற கூடாரம் என்பதால் போகிறவர் வருகிறவர் எல்லாம் விசாரிப்பார்கள், அதுவே பாரமாக இருந்தது.

பூ கொட்டத் தொடங்கிய பிறகுதான் வெப்பமும் ஈரப்பதனும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீற்றர் ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பியில் கொழுவினால் 51 பாகை காட்டியது. அது நேர் வெயிலில் மீற்றரின் உடம்பு சூடாகிய கணக்கு, காற்றின் கணக்கு இல்லை. வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றின் பக்கங்களில் நிறையத் துளை போட்டுக் கவிழ்த்து, அதற்குள் மீற்றரை வைத்து, செடியின் நுனி உயரத்தில் தொங்கவிட்டேன். நடுப்பகல் கழிந்த நேரம் 43. அதே நேரம் வெளியில் மாமர நிழலில் 34. மலிவு மீற்றர்கள் ஈரப்பதனைப் பிழையாகக் காட்டுவதும் உண்டு. அதைப் பரிசோதிக்க வழி அடுப்படியிலேயே இருக்கிறது: ஒரு போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும்வரை சில துளி தண்ணீர் விட்டு, மீற்றரோடு சேர்த்துக் காற்றுப் போகாத பைக்குள் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 வீதம் காட்ட வேண்டும். எனது 81 காட்டியது, ஆகவே எப்போதும் 6ஐக் கழித்தே எழுதுவேன். விடியற்காலை, நடுப்பகல், பொழுது படும் நேரம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தால் கூடாரத்தின் குணம் பிடிபடும்.

தக்காளிக்குப் பகலில் 21 முதல் 29 பாகை வரை நல்லது. 32, 35ஐத் தாண்டினால் மகரந்தம் பழுதாகும். இரவும் 24க்கு மேல் நின்றால் இன்னும் மோசம். பழத்துக்குச் சிவப்பைக் கொடுக்கிற நிறமி 30, 32 பாகைக்கு மேல் ஒழுங்காக உருவாகாது, என் பழங்கள் மஞ்சளாக நின்றதற்கு அதுதான் காரணம். கறிமிளகாயும் 32க்கு மேல் பூவை உதிர்க்கும். வெள்ளரி மற்ற இரண்டையும் விடச் சூடு தாங்கும். ஈரப்பதன் 60, 70 வீதம் என்றால் எல்லாவற்றுக்கும் சுகம். 85ஐத் தாண்டினால் தக்காளி மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது, 50க்குக் கீழே போனால் காய்ந்துபோகும்.

43ஐப் பார்த்த பதற்றத்தில் நீர்ப்புகை அடிக்கிற குழாய்த் தொகுதி ஒன்றை 24,500க்கு வாங்கிப் பூட்டினேன். முதல் நாள் உள்ளே நின்றபோது உடம்புக்குக் குளிர்ந்தது, சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த முனைகளில் வந்த துளி பெரியது, காற்றில் ஆவியாக முன்னர் இலையில் விழுந்தது. எங்கள் கிணற்றில் கோடைக்கு உவர் ஏறும். காய்ந்த இலையில் வெள்ளை உப்பு, அதன் கீழ் கருகிய ஓரம். பிறகு முனைகளும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. அது சரிவரவில்லை என்று 32,000க்குச் சுவரில் பூட்டுகிற எக்ஸோஸ்ட் மின்விசிறி. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய கையோடு, பகல் முழுக்க அதை ஓட விட்டால் பில் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதுவும் 3 அடி வலையால் காற்றை இழுக்கத் திணறியது. மீற்றரில் 43, 40 ஆனது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் சூட்டுக்கும் ஈரப்பதனுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் காசு விரயம்தான். சூடான காற்று கூட நீராவியைத் தாங்கும். 10 பாகை கூடினால் தாங்குகிற அளவு ஏறக்குறைய இரட்டிக்கும். விடியற்காலை 24 பாகையில் 100 வீதம் காட்டுகிற காற்று, ஒரு துளி தண்ணீர் கூடாமல் குறையாமல் 34 பாகைக்குச் சூடானால் 56 வீதம்தான் காட்டும். பொழுது பட்டுக் குளிர்ந்தால் திரும்ப ஏறும். ஆகவே நடுப்பகலில் மீற்றர் 55 காட்டினால் கூடாரம் காய்ந்துவிட்டது என்று தண்ணீரை அள்ளி ஊற்றக் கூடாது. அந்தத் தண்ணீர் எல்லாம் இரவில் இலையில் வந்து நிற்கும். நீர்ப்புகையும் காற்று காய்ந்திருந்தால் மட்டுமே குளிர்விக்கும். கச்சான் அடிக்கிற நாளில் 35 பாகையும் 45 வீதமும் இருந்தால், தண்ணீர் ஆவியாகி உச்சக் கணக்கில் 25 பாகை வரை இறக்கலாம், நடைமுறையில் 4, 5 பாகை கிடைத்தாலே பெரிது. மாரியில் 28 பாகையும் 90 வீதமும் இருக்கும்போது எவ்வளவு புகை அடித்தாலும் ஒன்றரைப் பாகைக்கு மேல் இறங்காது, இலை நனைவதுதான் மிச்சம்.

எனக்கு முதலில் சரியான வழி காட்டியவர் களுதாவளையில் காலமெல்லாம் வெற்றிலை செய்த ஒரு மாமா. தூரத்துச் சொந்தம். வெற்றிலைக்கு நிழலும் ஈரமும் வேண்டும், காற்றும் அடைபடக் கூடாது. மணல் தரையில், கடற்காற்றுக்குள், அதைக் கிடுகையும் கிணற்றுத் தண்ணீரையும் மட்டும் வைத்துச் சமாளித்தவர்கள் அவர்கள். வந்தவர் கூடாரத்துக்குள் கொஞ்ச நேரம் நின்று, மேலே பார்த்து, வெளியில் வந்து மேற்குப் பக்கம் போய் நின்றார். “மேலால வாற வெயில மட்டும் பாக்காத மகள், பக்கத்தால வாற கச்சானயும் பாரு. முகட்டத் திறந்து விடு, மேக்கால கிடுகக் கட்டு” என்றார். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து நிலத்தின் மேலால் காய்ந்து வருகிற காற்று அது. அது பலமாக அடித்தால் பின்னேரக் கடற்காற்று பிந்தித்தான் வரும். கூடாரத்தின் மேற்குப் பக்கம் மூன்று அடி தள்ளி, இடைவெளி விட்டு, ஆள் உயரத்துக்குக் கிடுகு வேலி கட்டினோம். காலை 11 மணிக்குக் கிடுகையும் கூடாரத்துக்குள் நடைபாதை மணலையும் நனைத்துவிடுவேன். காற்று நனைந்த கிடுகுக்குள்ளால் வரும்போது குளிர்ந்து வரும், ஈரப்பதனும் ஏறும், இலையில் ஒரு துளியும் படாது. 24,500 ரூபாய் செய்யாத வேலையைக் கிடுகு செய்தது. பின்னேரம் 3 மணிக்குப் பிறகு நனைக்கக் கூடாது.

முகட்டைத் திறக்கிற வேலைதான் பெரியது. ஊரில் இருக்கிற வெல்டிங் பாஸ் ஒருவரைப் பிடித்தேன். தூண்களை வெட்டி, உள்ளே கொஞ்சம் சிறிய பைப்பைச் செருகி, பக்க உயரத்தை 11 அடிக்கு ஏற்றினார். கூரையின் ஒரு பக்கத்தை மற்றதைவிட 2 அடி உயர்த்தி, முகட்டு நீளம் முழுக்க இடைவெளி விட்டு, அதில் வலை அடித்தோம். அந்த வாய் கிழக்கைப் பார்த்து நிற்கிறது. கச்சான் முதுகில் அடித்துக்கொண்டு போகும்போது உள்ளே இருக்கிற சூட்டை அந்த வாயால் உறிஞ்சி எடுக்கும். வாடைக் காலத்தில் அதற்குள் சாரல் அடிக்கக் கூடும் என்பதால் சுருட்டி விடுகிற பொலித்தீன் மறைப்பு ஒன்று உண்டு. நாலு பக்கச் சுவரிலும் பொலித்தீனை எடுத்துவிட்டு முழுக்க வலை. எல்லாவற்றுக்கும் 138,000 ரூபாய். அடுத்த கோடையில் வெளியில் 34 என்றால் உள்ளே 36, 37. மின்விசிறி இல்லாமல். முதலிலேயே இப்படிக் கட்டியிருந்தால் பைப்புக்கும் கூலிக்கும் 50,000 அளவில்தான் மேலதிகமாகப் போயிருக்கும் என்று பாஸ் கணக்குப் பார்த்துச் சொன்னார். உயரம் கூடினால் காற்றின் இழுவையும் கூடும், அதனால் தூண் அடியில் 2 அடி ஆழத்துக்குக் கொங்கிறீட் போட்டுத்தான் செய்தோம். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்; அவர்கள் சொன்னதைக் கேட்டு, பொலித்தீனை ஆணி அடிக்காமல் அலுமினியத் தவாளிப்பில் வளைகம்பி போட்டுப் பிடித்திருக்கிறோம். எச்சரிக்கை வந்தால் கழற்றிச் சுருட்டி வைக்கலாம், சட்டம் தப்பும்.

நிழல் வலை பற்றிச் சுருக்கமாக. அதைக் கூரைக்கு வெளியில், பொலித்தீனிலிருந்து ஓர் அடி உயர்த்திப் போடுங்கள். உள்ளே கட்டினால் வெயில் உள்ளே வந்த பிறகுதான் வலையில் படும், வலை சூடாகி அந்தச் சூடு உள்ளேயே நிற்கும். வெயிலில் பாதியை மறைக்கிற 50 வீத வலை போதும், 75 போட்டால் செடி நெடுத்து மெலியும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, அதுவும் காலை 10 மணி முதல் பின்னேரம் 3 மணி வரைதான் இழுத்து விடுவேன். மாரியில் கழற்றி மடித்து வைத்துவிட வேண்டும்.

இனி மாரி. என்னை இரண்டாம் தடவை அழ வைத்தது அதுதான். கூரையை உயர்த்த முன் வந்த மாரி அது. கட்டியவர்கள் மழைக்குப் பக்கத்தை மூடச் சொல்லித் திரை பூட்டியிருந்தார்கள். கார்த்திகையில் நாட்கணக்காக மழை, நாட்கணக்காகத் திரை மூடியே இருந்தது. விடியற்காலை உள்ளே போனால் மழை இல்லாத நேரத்திலும் உள்ளே மழை. இரவில் பொலித்தீன் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், நீராவி அதன் உட்பக்கத்தில் முத்து முத்தாகக் கட்டி, சரிவு போதாததால் வழிந்து ஓடாமல் செடியின் மேல் சொட்டும். மீற்றர் 98, 99. தக்காளி இலையின் மேல்பக்கம் வெளிறிய மஞ்சள் புள்ளி, திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் பச்சை கலந்த மண்ணிறப் பூஞ்சணம், வெல்வெட் துணி மாதிரி. பொங்கலுக்கு முன் வரிசை வரிசையாகப் பிடுங்கி வளவுக்கு வெளியே எரித்தேன். காய்களின் அடிப்பக்கமும் கறுத்து அழுகியிருந்தது. கல்சியம் குறைவென்றார்கள். கரைசலில் கல்சியம் இருந்தது. இலை நீரை வெளியிட்டால்தான் வேர் தண்ணீரோடு கல்சியத்தை மேலே இழுக்கும். காற்று 98 வீதம் நனைந்திருக்கும்போது இலை எதை வெளியிடும்?

மாரிக்கு வேண்டியது மூடுவதில்லை, நனையாமல் திறந்து வைப்பது. இப்போது கூரைப் பொலித்தீன் நாலு பக்கமும் 3 அடி வெளியே நீண்டு நிற்கிறது. காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழைக்கு மட்டும், அடிக்கிற பக்கத்துத் திரையை இறக்குவேன், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கும். கூரைச் சரிவு கூடியதால் உள்ளே கட்டுகிற நீரும் வழிந்து ஓரத்துக்குப் போகிறது. 8,500 ரூபாய்ப்படி இரண்டு சின்ன மின்விசிறி வாங்கி, செடிக்கு மேலால் காற்றைச் சுற்றி விடுகிற மாதிரிக் கட்டியிருக்கிறேன். அவை காற்றை வெளியேற்றுவதற்கு இல்லை, இலையை உலர்த்துவதற்கு. அதிகாலை 4 மணி முதல் 8 மணி வரை ஓடினால் போதும், மின்சாரம் கொஞ்சம்தான் பிடிக்கும். சூரியன் ஏறும்போது காற்று சீக்கிரம் சூடாகும், காய் பிந்தித்தான் சூடாகும், அந்த இடைவெளியில் காயில் நீர் கட்டும். ஆகவே வெளிச்சம் வந்தவுடன் திரையெல்லாம் மேலே போக வேண்டும். தண்ணீர் காலை 8 மணிக்குப் பிறகு, கடைசித் தண்ணீர் 2 மணிக்கு முன். மேகமூட்டமான நாளில் பாதி அளவு. செடிக்குச் செடி 2 அடி, முதல் குலைக்குக் கீழே இருக்கிற இலைகளைக் காய் முற்ற முற்றக் கிள்ளிவிட வேண்டும். வலைக்குள் காற்றசைவும் தேனீயும் குறைவு என்பதால் 8 முதல் 10 மணிக்குள் கட்டுக் கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள், மகரந்தம் உதிரும்.

கூரை ஓரத்தில் பீலி போட்டு மழைத் தண்ணீரைத் தாங்கிக்கு எடுப்பது எனக்குக் கிடைத்த மேலதிக இலாபம். 600 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,500 லீற்றர் அளவில் சேரும். உப்பு இல்லாத தண்ணீர். பசளைக் கரைசலுக்கும் நாற்றுக்கும் அதைத்தான் எடுக்கிறேன். தும்புச்சோற்றிலும் உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிப் பிழிந்துதான் நிரப்ப வேண்டும். வெளிப்பக்கம் வெள்ளையான பை வாங்குங்கள், கறுத்தப் பை வேரை அவிக்கும். மாரியில் மணலுக்குள் தண்ணீர் மட்டம் ஏறும், ஆகவே பைகள் செங்கல் மேல், கூடாரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால்.

இனிக் கட்டப் போகிறவர்கள் காசு கொடுக்க முன் கட்டுகிறவரிடம் கேட்க வேண்டியது: பக்க உயரம் எத்தனை அடி (10க்குக் குறைந்தால் வேண்டாம்), முகட்டில் திறப்பு உண்டா, அது எந்தத் திசையைப் பார்க்கும், வலை எத்தனை மெஷ், எத்தனை சதுர அடி வலை, பொலித்தீன் 200 மைக்ரோனா, அதாவது 800 கேஜா, புறஊதாக் கதிர் தாங்குகிற வகையா. முடிந்தால் அவர் கரையோரத்தில் கட்டிய ஒரு கூடாரத்தை ஜூன் மாத நடுப்பகலில் போய்ப் பார்த்து, உள்ளே நின்று, மீற்றரைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்படி ஒன்றைக் காட்ட முடியாதவரிடம் அவசரப்பட்டு முற்பணம் கொடுக்காதீர்கள்.

பயிரையும் காலத்துக்கு ஏற்ப மாற்றிவிட்டேன். தக்காளி ஒக்டோபரில் நாற்று, ஜனவரி முதல் மார்ச் வரை பறிப்பு. அந்த மாதங்களில்தான் எங்கள் வெப்பநிலை தக்காளிக்குச் சரி. போன போகத்தில் செடிக்கு மூன்று கிலோ அளவில் வந்தது, நல்ல சிவப்பு. மார்ச் கடைசியில் சலாட் வெள்ளரி, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கிற இனம், அது ஜூன் வரை ஓடும். வெண்டியும் பயற்றையும் வெளியில் நன்றாக வரும், அவற்றுக்குக் கூடாரச் செலவு தேவையில்லை. கச்சான் உச்சத்தில் நிற்கிற ஜூலை, ஓகஸ்டில் உள்ளே எதுவும் நடுவதில்லை. பைகளை வெளியே எடுத்து, தரையை நன்றாக நனைத்து, தெளிந்த பொலித்தீனை மண்ணோடு ஒட்ட விரித்து ஓரங்களை மண் போட்டு மூடி, கூடாரத் திரைகளையும் இறக்கிவிடுவேன். முதல் வருடம் பயிரைக் கருக்கிய அதே சூடு ஐந்து, ஆறு வாரத்தில் வாடல் கிருமியையும் நூற்புழுவையும் களை விதையையும் பெருமளவு குறைக்கும், முற்றாக அழிக்காது. செப்டெம்பரில் திரைகளைத் தூக்கி, கூரைப் பொலித்தீனையும் வலையையும் நல்ல தண்ணீரில் கழுவி உப்பையும் புழுதியையும் எடுத்துவிட்டு, கிழிசலுக்கு நாடா ஒட்டிவிட்டு, நாற்றுத் தட்டுக்குத் தும்புச்சோறு ஊறப் போடுவேன்.